நால்வர் விட்டுச் சென்ற வேலை

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவளுக்கு யோசிக்க நேரம் நிறைய உண்டு. தெம்புதான் கிடையாது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் சாய்ந்துகொண்டு தூங்குவேன், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன். அப்படிக் கண் செருகுகிற நேரத்தில் ஒரு குரல் வந்து தோளைத் தட்டும். கண்டக்டர் குரல் இல்லை.

"பத்து தென்ன மரம், ஒரே வரிசை. நடுவுல எத்தன எடவெளி? சட்டுனு சொல்லு!"

அது அக்காவின் குரல். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் யாருமே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுகிற மாதிரி இருக்கும்.

தஞ்சாவூரில் ஒரு நூலகத்தின் பின்பக்க வராந்தாவில்தான் எங்கள் பழக்கம். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள் அங்கே கூடுவோம். உள்ளே மின்விசிறி உண்டு, பேசக் கூடாது. வெளியே மின்விசிறி கிடையாது, பேசலாம். பேசுவதற்காகவே வியர்வையைப் பொறுத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தவர்கள் மூன்று பேர்: நான், ஒரத்தநாட்டிலிருந்து வருகிற ஒருவன், அக்கா. ஒரத்தநாட்டுக்காரனுக்கு என் வயதுதான். ஆனால் அக்கா அவனைத் தம்பி என்று கூப்பிட்டதால் எனக்கும் அவன் தம்பியாகிவிட்டான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த நாளில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இரண்டு தடவை எழுதித் தவறியிருந்தேன். வீட்டில் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். திட்டுவதைவிட அது மோசம். புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். எந்த ஊர், என்ன படித்திருக்கிறாய், சாப்பிட்டாயா, எதுவும் கேட்கவில்லை.

"ஒரு மதகத் தொறந்தா வயலு மூணு மணி நேரத்துல நெறையும். இன்னொரு மதகத் தொறந்தா ஆறு மணி நேரமாவும். ரெண்டையும் ஒண்ணாத் தொறந்தா?"

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"பேனால்லாம் வேணாம். வாயால சொல்லு."

"நாலரை மணி நேரம்."

"ஏண்டி, ரெண்டு பக்கமும் தண்ணி வந்தா சீக்கிரம் நெறையுமா, நேரமாவுமா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. கொஞ்சம் யோசித்து, "ரெண்டு மணி" என்றேன்.

"அப்புடி வா. ரெண்டுதான்." அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். உடனே முகம் மாறியது. "ஆனா ரெண்டு மதகையும் ஒண்ணாத் தொறக்க பக்கத்து வயக்காரன் வுடுவானா? மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட மாட்டான்? இந்தக் கேள்வியப் போட்டவன் வாய்க்காலயே பாத்தது இல்ல."

அக்காவை இந்த ஒரு பேச்சிலேயே முழுசாகப் பார்த்துவிடலாம். கேள்வி முடிவதற்குள் விடை அவருக்கு வந்துவிடும். அவ்வளவு வேகமாக மனக்கணக்குப் போடுகிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் எங்களுக்கெல்லாம் விடை வந்தால் வேலை முடிந்தது. அவருக்கு அங்கேதான் ஆரம்பம். கணக்குக்குள் இருக்கிற மனிதர்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார். வேகமாகப் போகிற ரயில் எந்த ஊர்க்காரர்களை பிளாட்பாரத்தில் நிற்கவைத்துவிட்டுப் போனது என்று கேட்பார். பாலில் தண்ணீர் கலக்கிற கணக்கு வந்தால், அந்தப் பாலை வாங்கிய வீட்டில் கைக்குழந்தை இருக்குமா என்று கேட்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வேடிக்கை இல்லை என்று மாதிரித் தேர்வு ஒன்றில் புரிந்தது. ஊரில் ஒரு பயிற்சி மையம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நடத்தும். அன்றைய தாளில் இப்படி ஒரு கேள்வி: தாயின் வயது மகளின் வயதைப் போல் இரண்டு மடங்கு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் மூன்று மடங்காக இருந்தது. மகளின் தற்போதைய வயது என்ன? நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பின்பெஞ்சிலிருந்து "பத்து" என்று அக்காவின் முணுமுணுப்பு கேட்டது. அதற்கடுத்து, "சார்!"

"என்னம்மா?" என்றார் மையத்து சார்.

"மகளுக்குப் பத்து வயசுன்னா அம்மாவுக்கு இருவது. அப்ப பெத்தப்ப அவளுக்கு என்ன வயசு சார்?"

சார் தாளை எடுத்துப் பார்த்தார். "கணக்கு சரியாத்தானம்மா வருது?"

"கணக்கு சரியாத்தான் வருது சார். அந்தப் புள்ளதான் பாவம்."

கூடமே சிரித்தது. சாரும் சிரித்தார், அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இத்தன பேரு படிச்சீங்களே, ஒருத்தருக்குமா தோணல?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அன்று அவரால் தாளை முடிக்க முடியவில்லை. கூடத்திலேயே வேகமானவர் அவர்தான், மதிப்பெண் எங்கள் இருவரையும்விடக் குறைவு. நான் பத்து என்று வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டவள். பெற்றவளுக்கும் பத்து வயதுதான் என்பது அக்கா சொல்லும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கணக்கை எங்கே பார்த்தாலும் பெற்றவளின் வயதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கிறேன்.

அக்கா கணக்கில் பட்டம் வாங்கியவர். வாங்கிய வருஷமே கல்யாணம். அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் குத்தகை நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்த குடும்பம். தண்ணீர் நேரத்துக்கு வராத வருஷங்கள் அடுத்தடுத்து வந்ததும் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அக்கா மகளோடும் மாமியாரோடும் ஊரில் தங்கினார். நடவு நாட்களில் தெருப் பெண்களோடு சேர்ந்து நடவுக்குப் போவார். அந்த வாரங்களில் நூலகத்துக்கு வரமாட்டார். வரும்போது கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணாக இருக்கும். களிம்பு தடவிக்கொண்டே எங்களுக்குப் புதிர் போடுவார்.

"பத்துப் பேரு சேந்து ஒரு வயல நட ஆறு மணி நேரம். அறுவது பேரு எறங்குனா?"

"ஒரு மணி நேரம்க்கா" என்பான் தம்பி.

"அறுவது பேரும் ஒரே வயல்ல எறங்குனா நட்ட நாத்தையே மிதிச்சுக் கொன்னுடுவாளுக. கரையில நிக்கவே எடம் பத்தாது." அப்புறம் களிம்பு மூடியைத் திருகிக்கொண்டே, "அறுவது பேருக்கு எங்க போறது? எங்க நடவு செட்டுலயே ஆள் கொறைஞ்சுகிட்டே வருது. போன நடவுக்கு வந்தவ இந்த நடவுக்கு இல்ல. கேட்டா திருப்பூருங்கறா, பல்லடங்கறா" என்பார்.

தென்னை மரக் கணக்கு அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது. யார் புதிதாக வராந்தாவுக்கு வந்தாலும் அதைக் கேட்காமல் விடமாட்டார். பத்து மரத்துக்கு நடுவே பத்து இடைவெளி என்று அவசரத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஒன்பதுதான். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி கேட்டான்.

"ஏங்க்கா, இந்தக் கணக்க மட்டும் வுடவே மாட்டேங்கறீங்க?"

"எல்லாரும் மரத்தத்தான எண்றாங்க. பொங்கலுக்கு அவரு வந்தாரு, ஆடிக்கு வந்தாரு, தீவாளிக்கு வந்தாருன்னு எங்க மாமியாரு விரல வுட்டு எண்ணும். வருசத்துக்கு மூணு தடவ வர்றான் எம்புள்ளன்னு பெருமையா சொல்லும். நான் நடுவுல இருக்கறத எண்ணுவேன்."

சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேலே பேசினார். "பேசி முடிவு பண்ணியாச்சு. இந்தத் தடவதான் கடைசி. வேல கெடச்சா அவரு ஊருக்கே வந்துடுவாரு, சம்பளம் ஒண்ணு நிலையா இருந்தா அவரு பாட்டுக்கு நெலத்தப் பாத்துக்கலாம். கெடைக்கலன்னா நானும் பாப்பாவும் அங்க போயிடுறது. ரெண்டு எடத்துல ஒல வைக்க முடியல."

"கெடச்சுடும்க்கா" என்றேன்.

"கெடைக்கணும்டி. எனக்கு அந்த ஊரு வேணாம். போனப்ப பாத்தேன். ஒரே ரூமு. ஜன்னலத் தொறந்தா அடுத்த வூட்டுச் செவுரு."

அன்றைக்குத்தான் நானும் தம்பியும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். அக்காவுக்குக் கணக்குச் சொல்லித்தர யாராலும் முடியாது. தேவையும் இல்லை. கணக்கை விட்டு விலகத்தான் பழக்க வேண்டும். தம்பி தன் கைபேசியில் நேரம் வைப்பான். நான் கேள்வியை வாசிப்பேன். அக்கா விடையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும், அன்று முழுக்க எங்களுக்குப் புதிர் போடுகிற உரிமை அவருக்குக் கிடையாது. அவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

"கேள்வி கேட்டா பதில் சொல்லுங்கக்கா. பதிலுக்கு நீங்க கேள்வி கேக்காதீங்க" என்பான் தம்பி.

"சரிடா, சரிடா. வாசி."

ஒரு கோட்டைச் சுவரைப் பதினைந்து பேர் கட்டுவார்கள். விடை வரும். அடுத்து அக்காவின் உதடு துடிக்கும். தம்பி விரலை உயர்த்துவான். அவர் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். பொத்திய முந்தானைக்குள்ளிருந்து, "சாரம் கட்டுனவன யாரு கணக்குல சேத்தா?" என்று வரும். நாங்கள் சிரிக்கிற சத்தத்தில் உள்ளேயிருந்து நூலகர் வந்து முறைத்துவிட்டுப் போவார். ஆனாலும் வாரம் போகப் போக அக்கா அடங்கினார். விடை, அமைதி. விடை, அமைதி. மாதிரித் தேர்வில் அவர் பெயர் மேலே மேலே வந்தது. பரீட்சைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர்தான் முதல். மையத்து சார் கைதட்டச் சொன்னார். அக்கா எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ போல இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிர் போட உரிமை இருந்தும் அக்கா போடவில்லை, வராந்தாவில் புதிர்கள் நின்றுபோய் ஒரு மாதமாகியிருந்தது. படிப்பு நடந்தது, மூன்று பேரும் நன்றாகப் படித்தோம். சாயங்காலமானால் மட்டும் அந்த இடம் வெறிச்சென்று இருந்தது.

பரீட்சைக்கு நாங்கள் மூவரும் ஒரே கடையில் அடுத்தடுத்து விண்ணப்பித்ததால் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தன. ஒரே பள்ளிக்கூடம், ஒரே அறை. அக்கா எனக்கு அடுத்த வரிசையில், இரண்டு பெஞ்சு முன்னால். தாள் கொடுத்ததும் அவர் நேராகக் கணக்குப் பகுதிக்குப் போனார். அது அவர் வழக்கம். பேனா வட்டங்கள் மேல் இறங்கி இறங்கிப் போவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்கே தைரியம் வந்தது. குனிந்து என் தாளை எழுத ஆரம்பித்தேன்.

அரை மணிக்கு ஒரு தரம் மணி அடிப்பார்கள். ஒரு மணியோசைக்குத் தலையை நிமிர்த்தியபோது அக்காவின் பேனா மேசைமேல் கிடந்தது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த மணிக்கு நிமிர்ந்தேன். பேனா அங்கேயே கிடந்தது. தம்பி கடைசி பெஞ்சிலிருந்து வேண்டுமென்றே இருமினான். மேற்பார்வையாளர் அவனைப் பார்த்தார், அக்கா திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் தூக்கிவாரிப்போட்டதுபோல் பேனாவை எடுத்து அவசர அவசரமாக எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்தோம். வாசலில் வெயில் கொளுத்தியது. இளநீர்க் கடை நிழலில் அக்கா நின்றிருந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"கடைசிப் பக்கம் படிக்கவே இல்லடி."

"அப்ப அத என்ன செஞ்சீங்க?"

"'விடை தெரியவில்லை'ன்னு ஒரு வட்டம் இருக்குல்ல. வரிசையா அதையே கருப்படிச்சுட்டு வந்துட்டேன்."

எந்தக் கேள்வியையும் சும்மா விட்டுவிட்டு வரக் கூடாது, தெரியாவிட்டால் தெரியவில்லை என்ற வட்டத்தையாவது நிரப்ப வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் அக்கா அதை நிரப்பி நாங்கள் பார்த்ததில்லை. மாதிரித் தேர்வில்கூட, அந்த வட்டத்தைப் பார்த்தாலே தனக்கு அவமானமாக இருக்கிறது என்பார்.

"எந்தக் கேள்விக்கா?" என்றான் தம்பி. எந்தக் கேள்வியிலோதான் மாட்டியிருப்பார் என்று இருவருக்கும் தெரியும்.

"அந்த நடவுக் கேள்வி."

எனக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு பெண்கள் ஒரு வயலை எட்டு நாட்களில் நட்டு முடிப்பர். இரண்டு நாட்களுக்குப் பின் நால்வர் வேலையை விட்டுச் சென்றனர் எனில், மீதி வேலையை மற்றவர்கள் எத்தனை நாட்களில் முடிப்பர்?

"ஒம்போது நாளு. ஈஸியாச்சேக்கா!"

"ஒம்போதுதான். படிச்ச ஒடனே போட்டுட்டேன்."

"போட்டாச்சுல்ல? அப்புறம் என்ன?"

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு பேரு ஏன் போனாங்க?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூன்று மாத உழைப்பு. முந்தானையைப் பொத்திப் பொத்திப் பழகியது. அத்தனையும் அந்த வாசலில் நின்றுகொண்டு இப்படிக் கேட்பதற்கா! "ஏன் போனா ஒங்களுக்கு என்னக்கா? பேரு உண்டா ஊரு உண்டா அவளுகளுக்கு?" என்று கத்தினேன். இளநீர்க்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கத்தாதடி. எனக்கும் தெரியும் அது கணக்குதான்னு." அவர் குரலில் கொஞ்சமும் கோபமில்லை. "நீ நட்டதில்ல. நடவு நாளுல, கையில நாத்து இருக்கறப்ப, எவளும் பாதியில கரை ஏற மாட்டா. காச்சலா இருந்தாலும் ஏற மாட்டா. எட்டு நாள் நட்டா நாத்து முத்திப்போயிடும், அதக்கூட வுட்டுட்டேன். ரெண்டாம் நாளே நாலு பேரு கரை ஏறிப் போறாளுகன்னா சும்மாவா போவாளுக? மீதிப் பேரு எத்தன நாளுல முடிப்பாங்கன்னுதான் கேக்கறான். போனவளுக என்ன ஆனாளுகன்னு கேக்கவே இல்ல. நானும் வேணாம் வேணாம்னு அடுத்த கேள்விக்குப் போறேன், கண்ணு அங்கயே வந்து நிக்குது. நானே கரையில நிக்கற மாதிரி இருந்துச்சு."

தம்பி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகக்கூட மூவருக்கும் தெம்பில்லை.

முடிவு வந்த நாளில் அதே வராந்தாவில் இருந்தோம். என் எண் இருந்தது. தம்பியின் எண் இல்லை. அவன் அப்போதே ஒரத்தநாட்டில் மாமாவின் செல்போன் கடையில் பாதி நாள் உட்கார ஆரம்பித்திருந்தான், அதனால் பெரிதாக வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அக்கா கொஞ்சத்தில் தவறிப்போயிருந்தார். படிக்காமல் விட்ட அந்தக் கடைசிப் பக்கத்தில் பாதி சரியாக இருந்திருந்தால் போதும். அதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா எனக்கு முன்னாலேயே போட்டிருப்பார்.

"மூணுல ஒண்ணு" என்றார் அவர், என் கன்னத்தைத் தட்டி. "மோசமில்லடி. நீ வாங்கிட்டல்ல, அது போதும்."

எனக்கு அழுகை வந்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள்.

மாமியாரை இளைய மகன் வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த மாதமே அக்கா கிளம்பினார். தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப நானும் தம்பியும் போயிருந்தோம். பெரிய பை இரண்டு, துணியால் வாய் கட்டிய குடம் ஒன்று, ஒரு தலையணை மூட்டை. தம்பி சாமான்களை ஏற்றிக்கொடுத்தான். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அக்கா கீழே இறங்கி எங்களோடு நின்றார். அந்த நால்வர் ஏன் போனார்கள், எங்கே போனார்கள் என்பதற்கு எனக்கு அப்போது விடை தெரிந்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து புதிர் எதுவும் வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எப்போதும் அவர் கேட்பார், நாங்கள் முழிப்போம். அன்று நான் கேட்டேன்.

"அக்கா, தஞ்சாவூர்லேர்ந்து ஒரு பஸ், திருப்பூர்லேர்ந்து ஒரு பஸ். ஒரே நேரத்துல கெளம்புது, ஒரே வேகம். எங்க சந்திக்கும்? சட்டுனு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். வாய் ஓரத்தில் பழைய சிரிப்பு கொஞ்சம் வந்தது.

"குளித்தலை தாண்டி. காவேரிய ஒட்டியே போவும் பாரு ரோடு, அங்க."

"கரெக்டுக்கா" என்றான் தம்பி, கணக்குப் போட்டவன்போல.

அக்கா முடிக்கவில்லை. எனக்குத் தெரியும், விடைக்குப் பிறகுதானே அவருக்கு ஆரம்பம். "ஆனா எதுக்குச் 'சந்திக்கும்'னு எழுதறாங்க? அது சந்திக்காதுடி. நிக்கவே நிக்காது. டிரைவரு ரெண்டு பேரும் கைய ஒரு தூக்குத் தூக்கிக்குவாங்க. அதது அது பாட்டுக்குப் போயிடும். உள்ள இருக்கறவங்க யாரு, ஊருக்கு வர்றவங்களா, ஊர வுட்டுப் போறவங்களான்னு ஒருத்தருக்கு ஒருத்தரு தெரியாது. அவ்ளோதான் விடை."

கண்டக்டர் விசில் அடித்தார். அக்கா ஏறிக்கொண்டார். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி விரல் எதையும் உயர்த்தவில்லை.

முதல் கொஞ்ச நாள் போனில் பேசினோம். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற இடத்தில் சேர்ந்திருந்தார். இரைச்சலில் பாதி கேட்காது. புதிர் போட நேரமில்லை என்பார். எனக்கும் வேலை, கல்யாணம், குழந்தை. பிறகு அவர் எண் மாறியது, நான் தேடினேன் என்று பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவாகத் தேடவில்லை. களைப்பு ஒரு காரணமா என்றால், அதுதான் என் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் காரணம்.

தினமும் காலையில் என் பஸ் ஒரத்தநாட்டை நெருங்கும்போது எதிரே பட்டுக்கோட்டையிலிருந்து வருகிற பஸ் தாண்டிப் போகும். இரண்டு டிரைவர்களும் கையைத் தூக்கிக்கொள்வார்கள். தூக்கத்தில் இருந்தாலும் அந்த ஹாரன் சத்தத்துக்கு விழித்துவிடுகிறேன். எதிர் பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அது திருப்பூர் பஸ் இல்லை, அதில் அக்கா வரப்போவதில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். அது போய்விட்ட பிறகு, ஆபீஸ் வரும்வரை எனக்குத் தூக்கம் வருவதில்லை.